குழந்தைக்கு ராஜா, ராணி அர்த்தத்தில் பெயர் வேணுமா? எந்த மொழியில் என்ன பெயர்... சான்றிதழில் சேர்க்க எவ்வளவு நாள் டைம்?

வீடு அயனம்பாக்கத்தில், பிரசவம் எழும்பூர் அரசு மருத்துவமனையில். மேற்கு சென்னைப் புறநகரில் இது சகஜம். பிறப்பு 21 நாட்களுக்குள் பதிவாகிவிடும். ஆனால், 'ராஜா மாதிரி ஒரு பேரு' தேடுவதிலேயே பல வீடுகளில் மாதங்கள் ஓடிவிடும். சான்றிதழில் பெயர் இருக்காது.

தமிழிலேயே ஏராளமான பெயர்கள் இருக்கு. 'கோ' என்றால் அரசன். அதனால் இளங்கோ என்றால் இளவரசன். சேரன் செங்குட்டுவனின் தம்பி என்று மரபு சொல்லும் இளங்கோவடிகளின் பெயரும் இதுதான். வேந்தன், கொற்றவன், தமிழரசி ஆகியவையும் இதே ரகம். செழியன் பாண்டியரையும், வளவன் சோழரையும், குட்டுவன் சேரரையும் குறிக்கும். ஆனால் கோமதியில் உள்ள 'கோ' இது இல்லீங்க. அது வடமொழி, பசுக்கள் நிறைந்தவள் என்று பொருள்.

பார்த்திபன் பலரும் நினைப்பது போல அர்ஜுனன் பெயர் அல்ல, அவன் பார்த்தன். பார்த்திபன் என்றால் மண்ணை ஆள்பவன். நரேந்திரன், பூபதி ஆகியவையும் வடமொழியில் அரசனே.

அரபியில் மாலிக் அரசன், மலிகா அரசி (மல்லிகா வேறு, அது பூ). பாரசீகத்தில் ஷாஜகான் என்றால் உலகின் அரசன். ரெஜினா லத்தீனில் ராணி. சாரா எபிரேயத்தில் இளவரசி. பேசில், அரசனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது.

ரயான் என்ற பெயரில் கவனம் தேவை. அயர்லாந்து பெயரான ரயானுக்கு 'குட்டி அரசன்' என்று பொதுவாகப் பொருள் சொல்வார்கள். அரபியில் வரும் ரய்யான், நோன்பிருப்பவர்கள் நுழையும் சொர்க்க வாசல். எதை நினைத்து வைக்கிறோம் என்பதைக் குடும்பமே முடிவு செய்யணும்.

பெயரை முடிவு செய்தாச்சா? ஆங்கில எழுத்துக்கூட்டலையும் அப்பவே முடிவு செய்துடுங்க. செழியனில் உள்ள 'ழ'வை ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுவாங்க. பதிவான பிறகு மாற்றுவது லேசான வேலை இல்லை.

பிறப்பு பதிவான நாளிலிருந்து 12 மாதங்கள் வரை பெயர் சேர்க்கக் கட்டணம் கிடையாது. அதன்பின் 15 ஆண்டுகள் வரை ரூ.200 தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு, பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான்.

விண்ணப்பிக்க வேண்டியது வீடு இருக்கும் பகுதியில் அல்ல, குழந்தை பிறந்த இடத்துக்கான பதிவாளரிடம். எழும்பூரில் பிறந்த அயனம்பாக்கம் குழந்தைக்கு அது சென்னை மாநகராட்சி.