விருப்பம் உள்ளவரையா? நன்னடத்தை உள்ளவரையா?

நடுவர் அவர்களே! நீதியைக் காப்பாத்துறது மனிதர்களா, சட்டமா? இதுதான் இன்னிக்குத் தலைப்பு. எதிரணி ஐயா என்ன சொன்னாரு? "நீதிபதிக்கு நெஞ்சுல துணிச்சல் இருந்தா போதும், சட்டம் எதுக்கு?"ன்னாரு. அவருக்கு ஒரு வரலாறு சொல்றேன்.

1616. இங்கிலாந்து. மன்னர் முதலாம் ஜேம்ஸ். தலைமை நீதிபதி எட்வர்ட் கோக். மன்னரின் உரிமை சம்பந்தப்பட்ட ஒரு வழக்கு. 'என்னைக் கலந்துக்காம நடத்தாதே'ன்னு அரண்மனை உத்தரவு. நீதிபதிகள் கேட்கலை. மன்னர் எல்லாரையும் வரவழைச்சார். அத்தனை பேரும் மண்டி போட்டாங்க. "இனிமே நான் நிறுத்தச் சொன்னா நிறுத்துவீங்களா?" நிறுத்துவோம்னு ஒவ்வொருத்தரா தலையாட்டினாங்க. கோக் மட்டும், அப்படி ஒரு வழக்கு வந்தா நீதிபதிக்கு எது தகுமோ அதைச் செய்வேன்னார். (கைதட்டல்)

கை தட்டுறீங்க. சந்தோஷம். ஆனா அந்த நவம்பர்லயே கோக் பதவி போச்சு! துணிச்சல் இருந்துச்சே ஐயா, ஏன் போச்சு? அரசர் பெயரால் முத்திரை போட்டுத் தர்ற நியமனப் பத்திரம் இருக்கே, அது தந்த பதவிக்கு ஆயுள் எவ்வளவு? 'மன்னர் விருப்பம் உள்ளவரை.' விருப்பம் தீர்ந்தது, வேலையும் தீர்ந்தது. (சிரிப்பு)

1686இல் இரண்டாம் ஜேம்ஸ் இன்னும் ஒருபடி மேலே போனார். தனக்குச் சாதகமாத் தீர்ப்புச் சொல்லமாட்டாங்கன்னு தெரிஞ்ச நீதிபதிகளை, வழக்கு வர்றதுக்கு முன்னாலேயே வீட்டுக்கு அனுப்பினார். இரண்டே வருஷம். 1688 புரட்சியிலே அவர் சிம்மாசனமே போயிடுச்சு. அதுக்கப்புறம் 1701இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. இனி நியமனப் பத்திரத்திலே 'விருப்பம் உள்ளவரை' கூடாது, 'நன்னடத்தை உள்ளவரை'ன்னுதான் இருக்கணும். நீக்கணும்னா நாடாளுமன்றத்தின் இரண்டு சபைகளும் கேட்கணும். 1714இல் அது நடைமுறைக்கு வந்தது. மாறினது ஒரு வரிதான். அந்த ஒரு வரியிலே நீதிபதியின் முதுகு நிமிர்ந்தது!

அந்த நல்ல வரியை வெள்ளைக்காரன் நமக்குக் கொடுத்தானா? இல்லை! கல்கத்தா, பம்பாய், சென்னையிலே உயர் நீதிமன்றம் அமைக்க வழி செய்த 1861ஆம் வருஷச் சட்டத்தைப் பாருங்க. நீதிபதிகள் 'மகாராணியின் விருப்பம் உள்ளவரை' பதவி வகிப்பாங்கன்னு இருக்கு. அவன் ஊர்லே தூக்கிப் போட்ட வரியை நம்ம ஊருக்குக் கப்பல்ல ஏத்தி அனுப்பிட்டான்! (சிரிப்பு, கைதட்டல்)

சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி முத்துசாமி ஐயர். தெருவிளக்கிலே படிச்சு முன்னுக்கு வந்தவர்னு சொல்லுவாங்க. 1893இல் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். இன்னிக்கும் அங்கே சிலையா உட்கார்ந்திருக்கார். அவ்வளவு பெரிய அறிவாளியும், சட்டப்படி பார்த்தா, கடல் கடந்த ஒரு அம்மாவின் விருப்பத்திலே உட்கார்ந்திருந்தவர்தானே!

1935ஆம் வருஷச் சட்டம் அதை மாத்தினது. 1950இல் நம்ம அரசியல் சட்டம் வந்தது. குடியரசுத் தலைவர் கையொப்பமும் முத்திரையும் இட்டு நீதிபதியை நியமிக்கிறார். ஆனா அவரே நினைச்சாலும் தனியா நீக்க முடியாது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மை வேணும்.

ஐயா, கோக் மாதிரி நூறு வருஷத்துக்கு ஒருத்தர் வரலாம். மண்டி போட்ட மத்தவங்க கெட்டவங்களா? இல்லே, பயந்தவங்க. பயந்த மனுஷனும் நியாயமாத் தீர்ப்பு எழுதணும்னா, அவன் பதவிக்குச் சட்டம் காவல் நிக்கணும். வீரனை மட்டும் நம்பி நீதிமன்றம் கட்ட முடியாது. எனவே, சட்டமே என்று தீர்ப்பு வழங்குங்கள் நடுவர் அவர்களே!