பாடம் இல்லாத ஆங்கில வகுப்பா? அது என்ன 'பிபிஎல்'?

இப்படி வைத்துக்கொள்வோம். ஆங்கில வகுப்புக்குள் நுழைகிறீர்கள். இலக்கணப் பயிற்சி இல்லை. ஐந்து பேருக்கு ஒரு தாள்.

"பிடோக் உணவங்காடி நிலையத்தில் சிலர் தட்டுகளை மேசையிலேயே விட்டுச் செல்கிறார்கள். தட்டைத் தூக்கி நடக்கச் சிரமப்படும் முதியவர்களும் அங்கே வருகிறார்கள். மாலைக்குள் நகர மன்றத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பரிந்துரை எழுதுங்கள்."

அவ்வளவுதான். ஆசிரியரிடம் விடை கேட்டால், பதிலுக்கு இன்னொரு கேள்விதான் வரும்.

இதுதான் சிக்கல்வழிக் கற்றல், சுருக்கமாக பிபிஎல்.

எங்கிருந்து வந்தது?

மருத்துவக் கல்வியிலிருந்து. 1969இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம், விரிவுரைக்கு முன்பே நோயாளியின் பிரச்சினையை மாணவர் குழுவின் கையில் கொடுத்தது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளிக்கு 1999இல் வந்தது. ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரி 2003இல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோதே 'ஒரு நாள், ஒரு சிக்கல்' என்று தொடங்கியது. காலையில் சிக்கல், மாலைக்குள் படைப்பு.

இதில் ஆங்கிலம் எங்கே?

தட்டு விவகாரத்துக்கே வருவோம். விதிமுறையைத் தேடிப் படிக்கணும். 2021 செப்டம்பர் 1 முதல் தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் முதல்முறை எழுத்துபூர்வ எச்சரிக்கை, இரண்டாம் முறை 300 வெள்ளி அபராதம். ஆனால் தளர்ந்த முதியவர்கள், உடற்குறையுள்ளோர் மீது நடவடிக்கை இல்லை.

இப்போ பரிந்துரையில் 'மஸ்ட்' போடுவதா, 'ஷுட்' போடுவதா? ஒன்று கட்டளை, மற்றது அறிவுரை. நகர மன்றத்துக்கு எழுதும்போது எது பொருந்தும்? குழுவில் இதற்காகச் சண்டையே வரும். பயிற்சித்தாளில் பத்து முறை நிரப்பியும் பதியாத வேறுபாடு, அந்தச் சண்டையில் பதிந்துவிடும்.

அப்போ எல்லாருக்கும் பலன்தானா?

இல்லை. சரளமாகப் பேசும் ஒருவர் குழுவையே எடுத்துக்கொள்வார். தமிழ்வழியில் படித்துவிட்டு இங்கே வந்த மாணவருக்கு நல்ல யோசனை இருக்கும். வாக்கியத்தை மனசுக்குள் அடுக்கி முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். பங்கேற்புக்கும் மதிப்பெண் உண்டென்றால், அந்த மௌனம் 'ஒன்றும் தெரியாது' என்று கணக்காகிவிடும்.

இன்னொன்று, அவசரத்தில் 'கேன் லா' என்று சிங்கிலிஷ் வந்துவிடும், தமிழும் வரும். யோசிக்கும் கட்டத்தில் அது தப்பில்லை என்பேன். ஆனால் நண்பர்களின் பிழை உங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும். ஆசிரியர் அதைக் குறித்துவைத்து, கடைசியில் எடுத்துப் பேசணும். அது நடக்காத பிபிஎல் வெறும் அரட்டை.

ஆய்வாளர்களும் ஒத்துப்போவதில்லை. மருத்துவ மாணவர்கள் பற்றிய 1993ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பு ஒன்று, மாணவர்களுக்கு இந்த முறை பிடித்திருக்கிறது, ஆனால் அடிப்படை அறிவியல் தேர்வில் சில நேரம் பின்தங்குகிறார்கள் என்றது. அடித்தளம் இல்லாதவருக்கு நேரடி வழிகாட்டல்தான் உதவும் என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006இல் வாதிட்டார்கள்.

நீங்கள் கூச்ச சுபாவமா?

எப்போதும் குறிப்பெடுக்கும் வேலையையே வாங்கிக்காதீங்க. வாயைத் திறக்காமலேயே நாள் ஓடிடும். மற்றவர்கள் சொன்னதைத் தொகுத்துச் சொல்லும் வேலையைக் கேளுங்க. அதற்குப் புது யோசனை வேண்டாம், கவனித்திருந்தால் போதும். "ஒரு நிமிஷம், யோசிச்சுச் சொல்றேன்" என்பதை ஆங்கிலத்தில் முன்கூட்டியே பழகி வைங்க. அதைச் சொன்னால் உங்கள் முறை கைநழுவாது.