தாது வருஷப் பஞ்ச ஒப்புமை

தாது வருஷப் பஞ்ச ஒப்புமையாவது, மழை பொய்த்த காலத்தின் இன்னலை 1876–78-ஆம் ஆண்டுகளின் மகாக்ஷாமத்தோடு ஒப்பிட்டுரைக்கும் வழக்கு. வானத்தையும் கண்மாயையும் நம்பி வாழும் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து எம்.ரெட்டியபட்டி போன்ற ஊர்களில், அப்பஞ்சம் தாக்கிய பழைய மதுரை ஜில்லாவைச் சேர்ந்த சீமையாதலின், இது வெறும் சொல்லலங்காரம் அன்று.

வரலாறு: தாது வருஷத்தில் மழை தவறியது பஞ்சத்தின் தொடக்கமே. மக்கள் பசித்திருந்தும் தானிய ஏற்றுமதி தடுக்கப்படாமையும், வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்னும் வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் கொள்கையும், நிவாரண வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சொற்பக் காசுமே போதும் என்று அரசின் பஞ்சப் பிரதிநிதி ஸர் ரிச்சர்டு டெம்பிள் வகுத்த கூலியும் சேர்ந்தே வறட்சியைப் பெருஞ்சாவாக்கின. சென்னை மாகாணச் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் அக்கூலியை அப்போதே கண்டித்தார். இந்தியாவில் மாண்டோர் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் என்பது பொதுவான மதிப்பீடு. பஞ்ச கமிஷனின் 1880-ஆம் ஆண்டு அறிக்கையின் விளைவாகப் பஞ்ச நிவாரண விதித்தொகுப்புகள் எழுந்தன.

நியாயமும் எல்லையும்: 2016-இல் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை இயல்பினும் 62 சதவீதம் குறைந்தது, 1876-க்குப் பின் அத்தகைய குறைவு நேர்ந்ததில்லை என்றனர் வானிலையாளர். 2017 ஜனவரியில் மாநிலத்தின் 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. ஆகவே மழையளவு குறித்துத் தாது வருஷத்தை நினைவூட்டியது முற்றும் நியாயமே. பயிர் கருகிய துயரத்தில் உழவர் பலர் மாண்டதும் மறுக்கவியலாத உண்மை. ஆயினும் ரேஷன் அரிசியும் நூறு நாள் வேலைத் திட்டமும் இருந்தமையால், கிராமங்கள் பட்டினியால் கூட்டங்கூட்டமாய் அழியவில்லை என்பதை மறைத்து அவ்வொப்புமையைச் சாவுக்கும் நீட்டுவது அநியாயமாகும்.

வாதம் நீள நீள ஹிட்லரின் பெயர் வந்தே தீரும் என அமெரிக்கரான மைக் காட்வின் 1990-இல் சுட்டிய இயல்பு, இங்கு பஞ்சத்தின் பெயருக்கும் பொருந்தும். எதிரியை இழிவுபடுத்தி வாயடைக்கவே அப்பெயரை எடுப்பவர், மாண்டோரை வாதத்துக்குக் கருவியாக்குகிறார். அதற்காக, பிணங்களின் தொகை சமமாகும்வரை ஒப்பிடலாகாது என்பதும் தவறே. தானியம் இருந்தும் ஏழைக்கு எட்டாமையும், எச்சரித்த அதிகாரியின் சொல் புறக்கணிக்கப்படுவதும் மீண்டும் தலைகாட்டுமாயின், முதல் உயிர் போகுமுன்னரே தாது வருஷத்தை நினைவூட்டுவது அறிந்தோர் கடமை. எக்கூற்றில் ஒப்புமை உண்டு, எதில் இல்லை என்று பகுத்துரைத்துக் காரணத்தைக் காரணத்தோடு ஒப்பிடுவதே நியாயமான ஒப்புமை.