எஞ்சின் மாற்றத்துக்குப் பின் ஐட்லிங் கோளாறு: ஹோண்டா சிவிக்

காரில் வேறொரு எஞ்சினைப் பொருத்திய பிறகு, ஆக்சிலரேட்டரில் கால் வைக்காத நேரத்தில் எஞ்சின் சீராக ஓடாமல் போவதே ஐட்லிங் கோளாறு. ஆர்பிஎம் தேவைக்கு மேலேயே நிற்கும். அல்லது ஓயாமல் ஏறி இறங்கும். அல்லது சிக்னலில் வண்டி நின்றதும் எஞ்சின் அணைந்துவிடும். எந்தக் காரிலும் வரக்கூடிய கோளாறுதான். ஆனால் 1992 முதல் 1995 வரை வந்த ஹோண்டா சிவிக்கில் ‘பி’ வரிசை எஞ்சினை ஏற்றியவர்கள் பெரும்பாலும் இதைக் கடந்தே வந்திருப்பார்கள்.

அந்தத் தலைமுறை சிவிக் அமெரிக்காவில் 1.5, 1.6 லிட்டர் ‘டி’ வரிசை எஞ்சின்களுடன் விற்கப்பட்டது. ஜப்பானிலோ அதே உடலில் பி16ஏ என்ற 1.6 லிட்டர் இரட்டை கேம்ஷாஃப்ட் விடெக் எஞ்சினும் வந்தது. 1989இல் ஹோண்டா இன்டெக்ரா காரில் அறிமுகமானபோது அதன் திறன் 160 குதிரைத்திறன். ஜப்பானில் கழிக்கப்பட்ட கார்களின் எஞ்சின்களை அமெரிக்க ஆர்வலர்கள் கப்பலில் வரவழைத்துத் தங்கள் சிவிக்கில் ஏற்றினார்கள். இன்டெக்ரா ஜிஎஸ்ஆரின் 1.8 லிட்டர் பி18சி எஞ்சினும் இப்படி இடம் மாறியது. எஞ்சின் மவுண்டுகள் பெரிய வெட்டு ஒட்டு இல்லாமல் பொருந்திவிடுவதால் வேலை எளிது என்று தோன்றும். கோளாறு போல்ட்டுகளில் இருப்பதில்லை. வேக்குவம் ஹோஸ், கூலண்ட், வயரிங், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு ஆகிய நான்கில்தான் ஒளிந்திருக்கும்.

காற்று வரும் வழிகள்

ஐட்லிங்கில் த்ராட்டில் தகடு மூடியிருக்கும். எஞ்சினுக்கு வேண்டிய காற்று அதைச் சுற்றிப் போகும் சிறு வழிகளில் வருகிறது. முதல் வழி த்ராட்டில் பாடியில் உள்ள ஐடில் ஸ்க்ரூவின் துளை. அடுத்தது இசியு திறந்து மூடும் ஐடில் கன்ட்ரோல் வால்வு. மூன்றாவது, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் திறந்திருக்கும் மெழுகு வால்வு. கூலண்ட் சூடேறினால் மெழுகு விரிந்து இந்த வால்வு தானே மூடிக்கொள்ளும். காலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் 1,500 ஆர்பிஎம் அளவில் ஓடி, சூடானபின் 750 அளவுக்கு இறங்கினால் மூன்றும் ஒழுங்காக வேலை செய்கின்றன என்று பொருள்.

ஏறி இறங்கும் ஐட்லிங்

எஞ்சின் மாற்றியவர்கள் அதிகம் சொல்லும் புகார் இது: ஆர்பிஎம் 1,000க்கும் 2,000க்கும் இடையே தாளம் தப்பாமல் ஏறி இறங்குகிறது. பெட்ரோல் குறைபாடு என்று நினைத்து இன்ஜெக்டரைக் கழற்றுபவர்கள் உண்டு. பெரும்பாலும் அது வீண் வேலை.

இந்த ஹோண்டாக்களில் உள்ளே வரும் காற்றை நேரடியாக அளக்கும் சென்சார் கிடையாது. இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தையும் எஞ்சினின் வேகத்தையும் வைத்து இசியு காற்றின் அளவைக் கணக்கிடுகிறது. எங்கோ ஒரு ஓட்டை வழியே கூடுதல் காற்று நுழைந்தால் மேனிஃபோல்டு அழுத்தம் கூடும். இசியு அதற்கேற்ப பெட்ரோலையும் கூட்டும், ஆர்பிஎம் ஏறும். த்ராட்டில் மூடியிருக்கிறது, வேகமோ அதிகமாக இருக்கிறது. ஆக, வண்டி இறக்கத்தில் உருள்கிறது என்று இசியு முடிவுகட்டிப் பெட்ரோலை நிறுத்தும். ஆர்பிஎம் விழுந்ததும் மறுபடி பெட்ரோல் கொடுக்கும். இந்தச் சுற்று முடிவதே இல்லை. காற்றோட்டத்தை நேரடியாக அளக்கும் கார்களில் இதே ஓட்டை வேறு விதமாக வெளிப்படும். அங்கே அளவையில் சேராத காற்றால் கலவை மெலிந்து எஞ்சின் உதறும், அணையும். இரண்டு வகைக்கும் ஒரே வைத்தியம் சொல்பவரை நம்ப வேண்டாம்.

ஆகவே முதலில் தேட வேண்டியது கூடுதல் காற்று வரும் வழியை. பி வரிசையில் இன்டேக் மேனிஃபோல்டு எஞ்சினுக்குப் பின்னால், டாஷ்போர்டை ஒட்டிய இரும்புச் சுவரின் பக்கம் இருக்கிறது. எஞ்சினைக் கியர்பாக்ஸோடு இறக்கும்போது அங்கே மாட்ட மறந்த ஹோஸ் கண்ணில் படாது. பிரேக் பூஸ்டருக்குப் போகும் பெரிய ஹோஸ், பிசிவி வால்வு, பெட்ரோல் ஆவியை இழுக்கும் குழாய், த்ராட்டில் பாடி கேஸ்கெட், மேனிஃபோல்டு கேஸ்கெட் ஆகியவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஹோஸாக இடுக்கியால் அழுத்திப் பிடித்தால், எதை அழுத்தும்போது ஆர்பிஎம் சட்டென்று இறங்குகிறதோ அந்த வழியில்தான் காற்று போகிறது. கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சித் தேடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. சூடான எக்ஸாஸ்ட் அருகே இருக்கையில் அது தீப்பிடிக்கும் வேலை. மேனிஃபோல்டுக்குள் புகையைச் செலுத்திப் பார்ப்பதே பாதுகாப்பானது.

கூலண்டில் காற்று

ஐட்லிங் கெட்டால் ரேடியேட்டரைத் திறந்து பார்ப்பது விசித்திரமாகத் தோன்றலாம். எஞ்சின் மாற்றும்போது கூலண்ட் முழுவதும் வடிந்து மறுபடி நிரப்பப்படுகிறது; காற்றுக்குமிழி உள்ளே சிக்கிக்கொள்வது இயல்பு. மெழுகு வால்வுக்குச் சூடான கூலண்ட் போய்ச் சேராவிட்டால் அது திறந்தே கிடக்கும். எஞ்சின் சூடேறியும் ஆர்பிஎம் இறங்காது. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று நீக்கும் போல்ட்டைத் தளர்த்திக் குமிழி நிற்கும்வரை கூலண்ட் நிரப்ப வேண்டும். ஆறிய எஞ்சினில் தொடங்க வேண்டிய வேலை இது. கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக் கூடாது. காற்று நீங்கிய பிறகும், சூடான எஞ்சினில் அந்த வால்வின் துளையை விரலால் மூடினால் உறிஞ்சுவது தெரிந்தால் வால்வே கெட்டிருக்கிறது.

வயரிங், எர்த், இசியு

எஞ்சின் மாற்றத்தில் எர்த் வயரை அலட்சியம் செய்பவர்களே அதிகம். இசியுவின் முக்கிய எர்த் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் போல்ட் செய்யப்படுகிறது. அழகுக்காகப் பெயின்ட் அடித்த ஹவுசிங்கில் அந்த முனையை மாட்டினால் தொடர்பு அரைகுறையாகி, எல்லாச் சென்சார்களின் வோல்டேஜும் ஒரே நேரத்தில் பொய் சொல்லும். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு மாட்ட வேண்டும். எஞ்சினிலிருந்து உடலுக்கும், கியர்பாக்ஸிலிருந்து பேட்டரிக்கும் போகும் எர்த் கேபிள்களுக்கும் இதுவே பொருந்தும்.

அதன்பின் மல்டிமீட்டர். த்ராட்டில் பொசிஷன் சென்சார், மூடிய நிலையில் ஏறத்தாழ 0.5 வோல்ட்டும் முழுக்கத் திறந்த நிலையில் 4.5 வோல்ட்டும் காட்ட வேண்டும். மூடியபோது அதிகம் காட்டினால், கால் இன்னும் ஆக்சிலரேட்டரில் இருப்பதாக எண்ணி இசியு ஐட்லிங்கைக் கையில் எடுக்காது. மேனிஃபோல்டு அழுத்தச் சென்சார், எஞ்சின் ஓடாதபோது கடல்மட்ட ஊர்களில் 3 வோல்ட்டை ஒட்டியும், ஐட்லிங்கில் 1 வோல்ட் அளவிலும் இருக்கும். வெப்பச் சென்சார்களில் ஒற்றை வயர் உள்ளது டாஷ்போர்டு மீட்டருக்கு. இரட்டை வயர் உள்ளதே இசியுவுக்கு.

இவ்வளவையும் தேடுமுன் காரே சொல்வதைக் கேட்டுவிடலாம். பயணி இருக்கைப் பக்கம் டாஷ்போர்டுக்கு அடியில் உள்ள இரண்டு முனை சர்வீஸ் கனெக்டரை இணைத்து இக்னிஷனைப் போட்டால் செக் எஞ்சின் விளக்கு சிமிட்டும். சிமிட்டும் கணக்கே கோளாறின் கோடு: 3 மேனிஃபோல்டு அழுத்தம், 6 கூலண்ட் வெப்பம், 7 த்ராட்டில் சென்சார், 14 ஐடில் கன்ட்ரோல் வால்வு.

இசியுவின் உறையில் உள்ள குறியீட்டையும் பார்க்க வேண்டும். பி28 ஒற்றை கேம் விடெக் சிவிக்குக்கு உரியது. பி30 பி16 எஞ்சினுக்கு. பி72 பி18சி எஞ்சினுக்கு. பி72 நாக் சென்சாரை எதிர்பார்க்கும். அது இல்லாவிட்டால் 23ஆம் கோடு வரும். அமெரிக்காவில் ஓபிடி-2 என்ற கோளாறு கண்டறியும் முறை 1996 மாடல்களிலிருந்து கட்டாயமானது. அந்த முறைக்கு மாறிய எஞ்சினைப் பழைய சிவிக்கில் வைப்பவர் டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர் ப்ளக்குகளையும் மாற்றியாக வேண்டும். முதல் தலைமுறை பி16ஏவின் இன்ஜெக்டர்கள் குறைந்த மின்தடை கொண்டவை. ரெசிஸ்டர் பெட்டி இல்லாமல் மாட்டினால் இசியு எரிந்துபோகக்கூடும்.

ஐடில் ஸ்க்ரூ

பலர் முதலில் திருகுவது இதைத்தான். திருக வேண்டியது கடைசியில். ரேடியேட்டர் ஃபேன் ஓடும்வரை எஞ்சினைச் சூடாக்கி, இக்னிஷன் டைமிங் 16 டிகிரியில் இருப்பதை உறுதிசெய்த பிறகு, ஐடில் கன்ட்ரோல் வால்வின் ப்ளக்கைக் கழற்றி, மாடலைப் பொறுத்து 400 முதல் 500 ஆர்பிஎம் வரை ஸ்க்ரூவால் வைக்க வேண்டும். பிறகு எஞ்சினை அணைத்து ப்ளக்கை மாட்டி, ‘பேக்அப்’ ஃபியூஸை 10 விநாடி கழற்றினால் இசியுவின் நினைவு அழியும். ஸ்க்ரூவை முழுக்க இறுக்கியும் ஆர்பிஎம் இறங்கவில்லை என்றால் காற்று இன்னும் வேறொரு வழியில் வருகிறது. த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவில் கை வைக்காமல் ஹோஸ்களைத் தேடத் திரும்ப வேண்டும்.