சினைப்பைப் புற்றுநோயும் சி.ஏ.125 இரத்தப் பரிசோதனையும்

சினைப்பைப் புற்றுநோய் உள்ளதோ என்ற ஐயத்தில் மருத்துவர் பரிந்துரைக்கும் முதன்மையான இரத்தப் பரிசோதனை சி.ஏ.125 ஆகும். இதன் முடிவை எவ்வாறு புரிந்துகொள்வது என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

சி.ஏ.125 என்றால் என்ன?

இது இரத்தத்தில் காணப்படும் ஒரு புரதம். பொதுவாக ஒரு மில்லிலிட்டருக்கு 35 யூனிட் வரை இயல்பான அளவாகக் கொள்ளப்படுகிறது. முற்றிய சினைப்பைப் புற்றுநோய் உள்ள பெண்களுள் பெரும்பாலோரிடம் இவ்வளவு உயர்ந்திருக்கும்.

அளவு உயர்ந்திருந்தால் புற்றுநோய் உறுதியா?

இல்லை. பின்வரும் நிலைகளிலும் இது உயரக்கூடும்:

• மாதவிடாய் நாட்கள், கர்ப்பத்தின் தொடக்க மாதங்கள்
• எண்டோமெட்ரியோசிஸ், கருப்பை நார்த்திசுக் கட்டிகள்
• இடுப்புப் பகுதித் தொற்று, கல்லீரல் நோய்கள்
• வயிற்றுக் காசநோய்

வயிற்றுக் காசநோயில் வயிற்றில் நீர் கோத்து, சி.ஏ.125 பல நூறு யூனிட் வரை உயரலாம். பார்வைக்குப் புற்றுநோய் போலவே தோன்றும் இந்நோய், மருந்துகளால் குணமாகக் கூடியது. எனவே இரத்த அறிக்கையை மட்டும் கண்டு மனம் தளராதீர்கள்.

அளவு இயல்பாக இருந்தால் புற்றுநோய் இல்லையா?

அவ்வாறும் கூற இயலாது. முதல் நிலைப் புற்றுநோய் உள்ளவர்களுள் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இவ்வளவு உயர்வதில்லை. வயிறு உப்புசம், சிறிது உண்டதும் வயிறு நிறைதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியவை சில வாரங்கள் நீடித்தால், வாயுத் தொல்லை எனக் கருதி இருந்துவிடாமல் மருத்துவரை அணுகுங்கள்.

அறிகுறி இல்லாதோர் செய்துகொள்ளலாமா?

பொதுவாகத் தேவையில்லை. பிரிட்டனில் 2 லட்சத்திற்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வின் 2021ஆம் ஆண்டு முடிவுகள், இத்தகைய முன்பரிசோதனையால் இறப்பு குறையவில்லை எனக் காட்டின. குடும்பத்தில் மார்பக அல்லது சினைப்பைப் புற்றுநோய் இருந்தால், பி.ஆர்.சி.ஏ. மரபணுப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

நோய் எவ்வாறு உறுதி செய்யப்படுகிறது?

ஸ்கேன் முடிவு, மாதவிடாய் நின்றுவிட்டதா என்ற விவரம், சி.ஏ.125 அளவு ஆகிய மூன்றையும் மருத்துவர் சேர்த்துப் பார்ப்பார். தேவைப்படின் எச்.இ.4 பரிசோதனையும், இளம் வயதினருக்கு ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். பரிசோதனைகளும் செய்யப்படும். திசுப் பரிசோதனையே நோயை உறுதி செய்யும்.

சிகிச்சையின்போது இதன் பயன் என்ன?

கீமோதெரபியின்போது அளவு விரைவாகக் குறைவது நல்ல அறிகுறி. ஒரு தனி எண்ணைவிட, அடுத்தடுத்த அறிக்கைகளில் காணும் ஏற்ற இறக்கமே முக்கியம். ஆகவே இயன்றவரை ஒரே ஆய்வகத்தில் பரிசோதித்து, அறிக்கைகளைத் தேதி வரிசையில் பாதுகாத்து வையுங்கள். சிகிச்சை முடிந்தபின் அளவு மீண்டும் உயர்ந்தால், நோய் திரும்புவதை அது முன்கூட்டியே உணர்த்தலாம். எனினும், அந்த உயர்வை மட்டும் கொண்டு உடனே கீமோதெரபி தொடங்குவதால் ஆயுள் கூடுவதில்லை என ஆய்வுகள் காட்டியுள்ளன. மருத்துவர் காத்திருக்கச் சொல்வது அலட்சியமன்று.

எங்குச் செல்ல வேண்டும்?

பாலக்கோடு வட்டத்தில் வசிப்போர் முதலில் பாலக்கோடு அரசு மருத்துவமனையை அணுகலாம். மேல் பரிசோதனைகளுக்குத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரை பெறலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைகளும் அடங்கும். காப்பீட்டு அட்டையையும் பழைய அறிக்கைகளையும் உடன் கொண்டு செல்லுங்கள். ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.