சலவைத்தூள் இழுப்பறை

சலவைத்தூள் இழுப்பறை என்பது முன்பக்கக் கதவுடைய சலவை இயந்திரங்களின் மேல்முகப்பில் அமைந்து, சலவைத்தூளையும் துணி மென்மையாக்கியையும் தனித்தனி அறைகளில் ஏந்தி, உரிய கட்டத்தில் குழாய்நீரோடு தொட்டிக்குள் அனுப்பும் உறுப்பாகும். பேச்சு வழக்கில் இது ‘சோப்பு டிரே’ எனப்படுகிறது. பார்வைக்குப் பெட்டியாக இருந்தாலும் செயலில் இது ஒரு நீர்வழியே. மின்வால்வு திறந்ததும் நீர், இழுப்பறை நுழையும் கூட்டின் கூரையிலுள்ள சிறு துளைகள் வழியாகப் பீய்ச்சி, தூளைக் கரைத்து அடித்துக்கொண்டு, பின்புறமுள்ள ரப்பர் குழாயில் இறங்குகிறது.

வழக்கமாக ஒற்றைக்கோட்டுக் குறியுள்ள அறை முன்சலவைக்கும், இரட்டைக்கோட்டுக் குறியுள்ளது முதன்மைச் சலவைக்கும், மலர்க்குறியுள்ளது மென்மையாக்கிக்கும் உரியவை. மலர்க்குறி அறையில் மட்டும் மூடியிட்ட ஒரு சிறு குழல் நிற்கும். நீர்மட்டம் குழலின் விளிம்பைத் தாண்டியதும் அறையிலுள்ளது முழுவதையும் தானே இழுத்து வடியச் செய்யும் இவ்வமைப்பு சைபன் எனப்படும். குறித்த உச்சக் கோட்டுக்கு மேல் ஊற்றினால், கடைசி அலசலுக்கு உரிய மென்மையாக்கி தொடக்கத்திலேயே வடிந்து வீணாவது இதனால்தான்.

இழுப்பறையில் படியும் அழுக்கு துணியிலிருந்து வருவதன்று. சலவைத்தூளிலுள்ள சோடியம் கார்பனேட், அதாவது சலவைச் சோடா, ஈரம்பட்டால் கட்டியாக இறுகும் இயல்புடையது; ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள கால்சியத்தோடு சேரும்போது அது வெண்ணிறச் சுண்ணாம்புப் படிவையும் உண்டாக்குகிறது. மென்மையாக்கியின் மூலக்கூறுகள் நேர்மின்னேற்றமும், சலவைத்தூளின் அழுக்குநீக்கி மூலக்கூறுகள் பெரும்பாலும் எதிர்மின்னேற்றமும் கொண்டவையாதலால், இரண்டும் கலக்குமிடத்தில் நீரில் கரையாத பசை தோன்றுகிறது. இப்பசையில் நுண்ணுயிர்கள் குடியேறி வழவழப்பான படலமாகவும் கரும்பூஞ்சையாகவும் வளர்வதே துணியில் ஏறும் புழுக்க நாற்றத்துக்கு ஒரு முக்கியக் காரணம். மென்மையாக்கியை அளவின்றி ஊற்றும் வீடுகளில் இழுப்பறை விரைவில் கெடுவது இதனால் இயல்பே.

தூய்மை செய்வதற்கு முன் மின்னிணைப்பைத் துண்டித்துக் குழாயை மூட வேண்டும். இழுப்பறையை முழுவதும் இழுத்து, உட்புறமுள்ள விடுப்பு நாக்கை அழுத்தினால் அது வெளியே வந்துவிடும். சைபன் மூடியைக் கழற்றி, இரண்டையும் கை பொறுக்கும் சூட்டிலுள்ள நீரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்க்கலாம். கொதிநீர் பிளாஸ்டிக்கை வளைத்துவிடக்கூடும். சுண்ணாம்புப் படிவுக்குச் சிட்ரிக் அமிலக் கரைசல் ஏற்றது. ஆனால் அமிலத்தையும் குளோரின் வெளுப்பானையும் ஒருபோதும் ஒன்றாகப் பயன்படுத்தலாகாது. அவற்றின் கலவையிலிருந்து நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு எழும். பலரும் இழுப்பறையைப் பளிச்சென்று கழுவி மாட்டிவிட்டுக் கூட்டின் கூரையை மறந்துவிடுகின்றனர். பூஞ்சை மிக அடர்ந்திருக்கும் இடம் கண்ணுக்குப் படாத அக்கூரையே. அதைத் துலக்கியால் தேய்த்து, அடைபட்ட நீர்த்துளைகளைக் குச்சியால் திறந்துவிட வேண்டும். சலவை முடிந்தபின் இழுப்பறையைச் சற்றே திறந்து வைத்தால் ஈரம் உலர்ந்து பூஞ்சை மீண்டும் பிடிப்பது தாமதமாகும்.

கோளாறு எங்குள்ளது என்பதை எந்த அறையில் என்ன எஞ்சியிருக்கிறது என்பதைக் கொண்டே பெரும்பாலும் அறியலாம். மலர்க்குறி அறையில் நீர் தேங்கினால் சைபன் குழல் அடைபட்டிருக்கும், அல்லது அதன் மூடி சரியாகப் பொருந்தாதிருக்கும். அடியில் சிறிதளவு நீர் நிற்பது மட்டும் கோளாறன்று. முதன்மை அறையில் தூள் சேறாகத் தங்கினால், திரவச் சலவைப்பொருளுக்கான தடுப்புத் தகடு கீழிறக்கப்பட்டுள்ளதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அது இல்லையெனில் நீரழுத்தமே காரணமாக இருக்கக்கூடும். 10 மீட்டர் உயர நீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். பல மாதிரிகள் 0.5 அல்லது 1 பாரைக் குறைந்தபட்சமாகக் கோருகின்றன. மொட்டைமாடித் தொட்டிக்கு 3 மீட்டர் மட்டுமே கீழுள்ள மேல்தள வீட்டில் 0.3 பாருக்கு மேல் கிடைப்பதற்கு வழியில்லை. கீழ்த்தளத்தில் குறையின்றி ஓடிய இயந்திரம் மாடிக்கு மாறியதும் தூளைத் தங்கவிடுவது இதனாலாகலாம். சிறு அழுத்தப் பம்பு பொருத்துவது இதற்குத் தீர்வாகும். இயந்திரத்தின் பின்புறம் குழாய் சேருமிடத்திலுள்ள வலைவடிகட்டியில் மணல் அடைத்திருந்தாலும் இதே விளைவு ஏற்படும்.

இழுப்பறையின் முன்விளிம்பில் நீர் கசிவதற்கு மிகுநுரை, இயந்திரம் முன்சாய்ந்து நிற்றல், கீழிறங்கும் ரப்பர் குழாயின் அடைப்பு ஆகியவை காரணமாகும். இயந்திரம் நின்றிருக்கும்போதும் துளைகளிலிருந்து நீர் சொட்டினால் இழுப்பறையில் பழுதில்லை. மின்வால்வின் சவ்வு, இடையில் சிக்கிய மணலாலோ தேய்மானத்தாலோ முழுதும் மூடாமல் நிற்கிறது. வால்வை மாற்றும்வரை, ஒவ்வொரு சலவைக்குப் பின்னும் சுவர்க்குழாயை மூடிவைக்க வேண்டும்.