விதைக்காரன் கணக்கும் பெத்தவள் வழக்கும்

புருசன் பெண்டாட்டி பிரிந்தால் பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும்? எங்கள் பக்கத்துச் சேரிகளில் இந்தக் கேள்வி பெரும்பாலும் கோர்ட்டுக்குப் போவதில்லை. பெரியவர்கள் உட்கார்ந்து தீர்த்துவிடுவார்கள். 'வெத அவனுது, வெளச்சலும் அவனுதுதான்' என்று ஒரு பெரிசு சொல்லும். தாய்க்காரி சும்மா இருக்க மாட்டாள். 'சொமந்தவ நானு, பாலு குடுத்தவ நானு, வெத போட்டவனுக்கு மட்டுமா புள்ள?' என்பாள். காணி நிலம்கூடச் சொந்தமில்லாத சனங்களிடம் விதை, வயல், விளைச்சல் என்கிற இந்தக் கணக்கு எப்படி வந்தது? மனுவின் ஒன்பதாம் அத்தியாயத்தில் விதை உசத்தியா வயல் உசத்தியா என்று ஒரு விவாதமே நடக்கிறது. அந்த நூலை அம்பேத்கர் 1927 டிசம்பர் 25இல் மகாத்தில் கொளுத்தினார். ஆனால் அந்தக் கணக்கு சட்டப் புத்தகங்களிலும் குடியிருந்தது என்பதுதான் வரலாறு.

வெள்ளைக்காரன் காலத்தில், 1890இல், கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம் வந்தது. எல்லா மதத்தாருக்கும் பொதுவான இந்தச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. தகப்பன் உயிரோடு இருந்து, அவன் தகுதியற்றவன் என்று கோர்ட் கருதாதவரை, அவன் பிள்ளைக்கு வேறொருவரைக் காப்பாளராக நியமிக்கக்கூடாது என்றது அதன் 19ஆம் பிரிவு. தாயின் பேரே அதில் இல்லை. தகப்பனோடு தாயையும் சேர்த்துத் திருத்தியது 2010இல். 120 வருசம்!

சுதந்திரம் வந்த பிறகாவது மாறியதா? சட்ட அமைச்சராக அம்பேத்கர் கொண்டுவந்த இந்து சட்டத் தொகுப்பு மசோதாவை முடக்கினார்கள். அவர் 1951 செப்டம்பரில் பதவியைத் தூக்கி எறிந்தார். பிறகு 1955-56இல் அதை நாலு துண்டாக்கி நிறைவேற்றினார்கள். அதில் ஒன்று 1956ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம். அதன் 6ஆம் பிரிவுப்படி பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளர் தகப்பன், 'அவருக்குப் பிறகு' தாய். ஐந்து வயது முடியாத பிள்ளை மட்டும் சாதாரணமாகத் தாயிடம் இருக்கலாம். அதாவது பீத்துணி அலசுகிற வயசு தாய்க்கு, கையெழுத்துப் போடும் அதிகாரம் தகப்பனுக்கு. கல்யாணம் ஆகாமல் பிறந்த பிள்ளைக்கோ தாய்தான் முதல் காப்பாளர். வம்சமும் சொத்தும் இல்லாத இடத்தில் அவளுக்கு முதலிடம்!

இதே சட்டத்தின் 13ஆம் பிரிவு பிள்ளையின் நலனே முதன்மை என்கிறது. பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொம்மையும் அல்ல என்று உச்சநீதிமன்றம் 1973இல் சொன்னது. அது சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன வழக்கு. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பேரில் பத்திரம் வாங்க ரிசர்வ் வங்கிக்கு விண்ணப்பித்தார். தகப்பன் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அவர் தொடுத்த வழக்கில் 1999இல்தான், 'பிறகு' என்றால் தகப்பன் செத்த பிறகு என்று பொருளில்லை, அவன் பொறுப்பில் இல்லாதபோது என்றும் கொள்ளலாம் என்று தீர்ப்பானது. ஒரு சொல்லுக்கு அர்த்தம் மாற 43 வருசம்.

1984ஆம் ஆண்டின் சட்டத்தால் குடும்ப நல நீதிமன்றங்கள் வந்தன. முதலில் சமரசம், ஆலோசகர் பேச்சு. வக்கீல் வைப்பது உரிமையல்ல, நீதிபதி அனுமதிக்க வேண்டும். விவரம் தெரிந்த பிள்ளையை நீதிபதி தனியே அழைத்து விசாரிக்கலாம். பிள்ளை ஒருவரிடம் இருந்தால் மற்றவர் வந்து பார்க்க நாளும் நேரமும் குறிப்பார்கள். நிலைமை மாறினால் உத்தரவையும் மாற்றக் கேட்கலாம்.

ஏட்டில் எல்லாம் சரி. நலன் என்பதை எந்தப் படியால் அளப்பது? தகப்பனிடம் காசு அதிகம் என்பது மட்டுமே காரணமாகாது என்று 1997இல் உச்சநீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் ஒரு தோழிக்குத் துணையாக நான் கோர்ட்டுக்குப் போனபோது கேட்டது வேறு. சொந்த வீடு உண்டா? நீ வேலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது? எதிர்த்தரப்பு வக்கீல் கடைசியாக, 'காலனிச் சூழலில் வளர்ந்தால் பிள்ளையின் எதிர்காலம் என்னாகும்?' என்றார். சேரி என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. எங்களுக்குப் புரிந்தது. அவளுடைய புருசன் ஆதிக்க சாதி. காதலிக்கும்போது தெரியாத சாதி, பிள்ளையைக் கேட்கும்போது சூழல் என்று பேர் மாற்றிக்கொண்டு வந்து நின்றது.

இங்கேதான் 2012இல் உச்சநீதிமன்றம் கொடுத்த இன்னொரு தீர்ப்பை நாம் படிக்க வேண்டும். குஜராத்திலிருந்து வந்த வழக்கு. தகப்பன் சத்திரியர், தாய் பழங்குடி. கலப்பு மணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் சாதி என்ற ஊகம் இருக்கலாம், ஆனால் அதுவே முடிவல்ல என்றது கோர்ட். தாயோடு, தாயின் சனத்தோடு வளர்ந்து, அவர்கள் பட்ட இழிவையும் இல்லாமையையும் தானும் பட்டதைப் பிள்ளை சாட்சியத்தோடு காட்டலாம் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் தாயின் நிலைமையைப் பாருங்கள். குடும்பக் கோர்ட்டில் 'எங்க தெருவுல என் புள்ளைக்கு ஒரு கொறையும் வராது' என்று அவள் நிரூபிக்க வேண்டும். சாதிச் சான்றில் சிக்கல் வந்தால் 'எங்க தெருவுல வளந்ததால என் புள்ள இழிவு பட்டான்' என்று நிரூபிக்க வேண்டும். தாய் ஒருத்தி, தெரு ஒன்று, சாட்சியம் இரண்டு.

இரண்டும் உண்மைதான். பிள்ளைக்கு இழிவு வருவது சேரியால் அல்ல, சேரியைத் தள்ளி வைத்த ஊரால். இதைக் கோர்ட்டில் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

இயக்கத் தோழர்களும் மாணவர்களும் செய்யக்கூடிய வேலை இது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. இது நம் பெண்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தடுப்பூசி அட்டை, பள்ளிக்கூடத்தில் போட்ட கையெழுத்து, ஆஸ்பத்திரிச் சீட்டு, களையெடுக்கப் போன நாளெல்லாம் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட ஆயாவின் வாக்குமூலம், எல்லாம் சாட்சியம்தான். பிள்ளையை யார் வளர்த்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? இவற்றைத் திரட்டி முதல் வாய்தாவிலேயே கோர்ட்டில் வைக்க வேண்டும்.